ஹீட்டிங் ஆயிலில் ஓடிய என் பழைய மாஸி

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் எண்ணெய் எரித்துச் சூடேற்றுவதை விட்டு, போன வருடம் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் போட்டோம். பேஸ்மென்ட்டில் இருக்கும் 275 கேலன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஹீட்டிங் ஆயில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டோடு வந்த மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் கொட்டகையில் இருக்கிறது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின், ஸ்டார்ட் பண்ணினால் ஊரில் அப்பா ஓட்டிய டாஃபே ஞாபகம்தான் வரும். வீடுகளில் எரிக்கும் இந்த இரண்டாம் நம்பர் ரக ஹீட்டிங் ஆயிலும் டீசலும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று ஊற்றிவிட்டேன்.

எண்ணெயில் தப்பில்லை, நான் எடுத்த இடம்தான் தப்பு. தொட்டியின் அடி வால்வைத் திறந்து கேனில் பிடித்தேன், பல வருடத் தண்ணீரும் கறுப்புக் கசடும் தேங்கியிருந்தது அங்கேதான். புல் வெட்டும்போது நடு வயலில் வண்டி இருமி இருமி நின்றது. கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் தார் பூசியது போல இருக்கிறது. அதை மாற்றி, நாசில் வரை ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

அப்புறம் கைப்பம்பின் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்தித்தான் உறிஞ்சுகிறேன். கேனில் ஒரு வாரம் தெளியவிட்டு, வடிகட்டி, பாதிக்குப் பாதி டீசல் கலக்கிறேன். டீசல் கலப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹீட்டிங் ஆயில் பர்னரில் எரிவதற்கென்று வருவது, செட்டேனுக்கும் (இன்ஜினுக்குள் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்ற அளவு) வழவழப்புக்கும் டீசலுக்கு இருக்கிற கட்டாயம் அதற்குக் கிடையாது. இந்த வண்டியின் பம்புக்கோ உள்ளே ஓடுகிற டீசலே உயவு எண்ணெய், அது வறண்டால் பம்பு தேய்ந்துவிடும். குளிர்காலத்தில் உறைந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால் கோடையில் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

புகைக்கூண்டில் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) வைத்த புது டிராக்டர் என்றால் தயவுசெய்து வேண்டாம், எண்ணெயில் இருக்கும் கந்தகம் அதைக் கெடுத்துவிடும். வெர்மான்ட்டில் ஹீட்டிங் ஆயிலின் கந்தகம் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) இறங்கியதே 2018 ஜூலையில்தான், அதற்கு முன் நிரப்பியது உங்கள் தொட்டியில் எவ்வளவு கிடக்கிறதோ.

பக்கத்துப் பண்ணைக்காரர் தன் பிக்கப்புக்கு இரண்டு கேன் கேட்டார், கொடுக்கவில்லை. ரோட்டு வரி கட்டாத எண்ணெய் என்று காட்ட ஹீட்டிங் ஆயிலில் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். வயலில் ஓடும் டிராக்டருக்கு அது சரி, ரோட்டு வண்டி டேங்கில் அந்தச் சிவப்பு தெரிந்தால் அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. விளக்கிச் சொன்னதும் அவரே விட்டுவிட்டார்.

அடியில் மிஞ்சும் அந்த ஒரு சாணை மட்டும் அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.