பழைய வீட்டின் விறகுக் கணப்பு: முதல் நெருப்பை மூட்டுவதற்கு முன்

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பாவித்த விறகு இன்செர்ட் ஒன்றை மலிவாக வாங்கி, நண்பர்கள் இருவரின் துணையோடு உங்கள் வீட்டுக் கணப்பினுள் தள்ளி வைத்து எரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் செய்யக்கூடாது என்பதையும், எப்படிச் செய்தால் பாதுகாப்பாக இருக்கும் என்பதையும் கீழே விரிவாக எழுதுகிறேன். நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருப்பதால் இங்குள்ள நடைமுறைகளையே சொல்கிறேன். பிற மாகாணங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநகரசபையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக மொன்றியல் நகரில், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள்களை வெளியிடும் விறகுச் சாதனங்களை எரிப்பது 2018 ஒக்ரோபர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

இன்செர்ட் என்பது, செங்கல்லால் கட்டப்பட்ட திறந்த கணப்பின் வாய்க்குள் பொருத்தப்படும், கண்ணாடிக் கதவுள்ள இரும்புப் பெட்டி. திறந்த கணப்பில் விறகை எரித்தால் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். அறையின் சூடான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். இன்செர்ட் காற்றை அளந்து உள்ளே விடுவதால், அதே விறகு அறையைப் பலமடங்கு நன்றாகச் சூடாக்கும். 2013 டிசெம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய பனிக்கட்டி மழையின்போது, நத்தார் நாட்களில் சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கு, மின்சாரம் இல்லாமலே வீட்டைச் சூடாக்கும் ஒரு சாதனத்தின் அருமை நன்றாகத் தெரியும். ஆகவே உங்கள் ஆசை தவறானது அல்ல.

நாங்கள் வாங்கிய வீடு 1960களில் கட்டப்பட்டது. வரவேற்பறையில் ஓர் இன்செர்ட் ஏற்கெனவே இருந்தது. கண்ணாடி துடைத்து, கரி தட்டி, பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. வந்த வாரமே எரித்துப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனம் மட்டும் ‘வெட்’ பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. விறகுச் சாதனங்களைப் பரிசோதிக்கவும் பொருத்தவும் சான்றிதழ் பெற்றவர்கள் தரும் அறிக்கைதான் அது. வந்த பரிசோதகர், இன்செர்ட்டைச் சுற்றியிருந்த முகப்புத் தகட்டைக் கழற்றி, கைவிளக்கை இடுக்கில் நீட்டி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இன்செர்ட்டின் உச்சியில் புகை வெளியேறும் வாய் எந்தக் குழாயோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் புகை அந்த வெற்றிடத்தில் கொட்டி, தானாக வழி தேடி மேலே போயிருக்கிறது. புகைபோக்கியின் உட்புற ஓடுகளில், உருக்கி ஊற்றிய தார் போல, கறுத்து மினுமினுக்கும் படலம் ஒன்று கண்ணாடியாய் இறுகியிருந்தது. சில இடங்களில் அது வடிந்து, துளித்துளியாக உறைந்து நின்றது. முன்னால் பளபளத்த அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

அந்தப் படலத்தின் பெயர் கிரியோசோட். விறகு முழுமையாக எரியாதபோது எழும் புகையில் நீராவியும் தார்ப்பொருட்களும் நிறைந்திருக்கும். அது குளிர்ந்த சுவரைத் தொட்டதும் படிந்துவிடும். திறந்த கணப்புக்கென்று கட்டிய பழைய புகைபோக்கியின் உட்பகுதி மிக அகலமானது. இன்செர்ட்டிலிருந்து வரும் புகையோ அளவில் குறைந்தது. அகன்ற வழியில் அது மெதுவாக ஏறி, குளிர்ந்து, படிந்துகொண்டே போகும். ஒருநாள் பலமாக நெருப்பெரியும்போது அந்தப் படிவே தீப்பற்றினால், புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். ஓடுகள் வெடித்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டங்களுக்குத் தீ பரவும்.

இதனால்தான் லைனர் என்னும் உட்குழாய் கட்டாயம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இன்செர்ட்டின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரைக்கும், இடையில் எங்கும் நிறுத்தாமல், துருப்பிடிக்காத எஃகினாலான லைனர் குழாய் இறக்கப்பட வேண்டும். பெரும்பாலான இன்செர்ட்டுகளுக்கு அதன் விட்டம் 6 அங்குலம். உங்களுடையதற்கு எவ்வளவு என்பதை அதன் கைநூல் சொல்லும். வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்ட புகைபோக்கி என்றால், லைனரைச் சுற்றி வெப்பக்காப்பும் போடுவது நல்லது. லைனருக்கும் வேலைக்கும் ஆகும் செலவைக் கேட்டதும் மனம் பின்வாங்கும் என்பதை அறிவேன். ஆனால் குறைந்த விலைக்கு ஒருவர் “லைனர் தேவையில்லை, அப்படியே வைக்கலாம்” என்று சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். இன்செர்ட்டை வாங்குவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தை அழைத்துச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தும், சில ஏற்கவே மறுக்கும், சொல்லாமல் பொருத்தினால் விபத்து நேரும்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம். பின்னர் மாநகரசபையில் கட்டட அனுமதி பெறுங்கள். பழைய புகைபோக்கியைத் துடைத்துப் பரிசோதித்த பிறகே, ‘வெட்’ சான்றிதழ் உள்ளவரைக் கொண்டு, கனடாவின் சி.எஸ்.ஏ. பி365 விதிக்கோவையின்படி பொருத்துங்கள். உங்கள் வீட்டில் இருப்பது செங்கல் கணப்புத்தானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். தகட்டினால் தொழிற்சாலையில் செய்து சுவருக்குள் புதைத்த கணப்புகளும் பல வீடுகளில் இருக்கின்றன. பெரும்பாலான இன்செர்ட்டுகளை அவற்றினுள் வைக்கக்கூடாது.

ஒவ்வொரு இன்செர்ட்டிலும் ஒரு உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். எந்தத் தரத்தின்படி அது சோதிக்கப்பட்டது, மேலிருக்கும் மரத்தட்டுக்கும் பக்கச் சுவர்களுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பவை அதில் எழுதியிருக்கும். பாவித்த இன்செர்ட்டுகள் பலவற்றில் இந்தத் தகடு உரிந்திருக்கும், கைநூலும் இருக்காது; அப்படியானால் அதைப் பொருத்துவதற்கான அளவுகளே உங்களிடம் இல்லை என்று பொருள். கதவுக்கு முன்னால் குறைந்தது 450 மில்லிமீற்றரும் இரு பக்கங்களிலும் 200 மில்லிமீற்றரும் தீப்பற்றாத தளம் இருக்க வேண்டும். புகைபோக்கியின் உச்சி, அது கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடிக்கும், 10 அடிச் சுற்றுக்குள் உள்ள எதனைக் காட்டிலும் 2 அடிக்கும் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும்.

இனி எரிப்பதைப் பற்றி. பாளையும் ஊமலும் பன்னாடையும் வைத்து அடுப்பு மூட்டிப் பழகிய கைகள் நம்மில் பலருடையவை, அந்த அறிவு வீணானதல்ல. ஆனால் ஊர்க் குசினியில் புகை கூரை ஓட்டின் இடுக்கால் போய்விடும். நெருப்பைக் குறைக்க வேண்டுமானால் விறகை வெளியே இழுத்தால் போதும். இங்கோ வீடு குளிருக்காக இறுக மூடப்பட்டது, நெருப்பைக் கட்டுப்படுத்துவதற்குக் காற்றுத் திறப்பு ஒன்றே வழி. மூட்டும் முறையும் தலைகீழானது. பெரிய கட்டைகளை அடியில் இடைவெளி விட்டு அடுக்கி, அதன் மேல் சிறு சிராய்களையும், உச்சியில் முறுக்கிய செய்தித்தாளையும் வைத்து, மேலிருந்து பற்றவையுங்கள். தீ மெல்லக் கீழிறங்கும்போது, எழும் புகை தீச்சுடரின் ஊடாகவே செல்வதால் அதுவும் எரிந்துவிடும். தொடக்கத்தில் காற்றை முழுமையாகத் திறந்துவையுங்கள். கட்டைகள் நன்றாகப் பற்றிய பின்னரே படிப்படியாகக் குறையுங்கள். இரவு முழுவதும் தணல் நிற்கட்டும் என்று விறகை நிரப்பி, காற்றை இறுக அடைத்துவிட்டு உறங்கப் போகும் வழக்கம்தான் கிரியோசோட்டை வளர்ப்பது. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். நெருப்பு நன்றாக எரியும்போது புகை கண்ணுக்குத் தெரியவே கூடாது.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஈரமானி ஒன்றை வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிமுகத்தில் குத்தினால் அது பொய் சொல்லும். காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், பச்சை விறகு நெருப்பில் சீறி, முனையில் நுரை தள்ளும். ஆஷ், மேப்பிள் போன்றவற்றைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்கினால் ஓராண்டு போதும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். விற்பவர் ‘கோட்’ என்ற விறகு அளவைச் சொன்னால் முழுக் கோட்டா, முகக் கோட்டா என்று கேளுங்கள். முழுக் கோட் 128 கன அடி, முகக் கோட் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒன்றுதான். விறகைத் தொலைவிலிருந்து ஏற்றி வராதீர்கள். கனடாவில் முதன்முதலாக 2002இல் வின்ட்சர் பகுதியில் காணப்பட்ட, ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு, விறகோடு பயணித்தே ஆஷ் மரங்களை ஊர் ஊராக அழித்தது. வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்ரிக், கரி, மண்ணெண்ணெய், கற்பூரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. சிரட்டையும் வேண்டாம், அதன் எண்ணெயும் கடுஞ்சூடும் இந்தப் பெட்டிக்கு உரியவை அல்ல.

சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்துக்கும் சுவருக்கும் எட்டத்தில், கல்லின் மேலோ மண்ணின் மேலோ வையுங்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை; சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடுதாசிப் பையிலோ கராஜிலோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் துடைக்க வேண்டும். படிவு 3 மில்லிமீற்றரை எட்டினால் அதற்கு முன்பே துடைக்க வேண்டும். துடைப்பவர்களை செப்ரெம்பருக்கு முன்பே அழையுங்கள், குளிர் தொடங்கிய பின் அவர்களுக்கு நேரமிருக்காது. கதவின் ஓரத்தில் உள்ள கயிறு போன்ற அடைப்பைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: கணப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், எதிர்ப்பின்றி வழுக்கி வந்துவிட்டால் அடைப்பை மாற்ற வேண்டும். எரியும்போது புகைபோக்கியிலிருந்து புகையிரதம் வருவது போன்ற இரைச்சல் கேட்டால், காற்றை அடைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, 911ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ தானாக அடங்கிவிட்டாலும், பரிசோதித்து முடியும் வரை மீண்டும் மூட்டக்கூடாது.

காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது புகை எச்சரிக்கைக் கருவியிலிருந்து வேறுபட்டது. 2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் வெளியேற்றுவழி அடைபட்டிருந்ததால், ஹோக்கின்ஸ் குடும்பத்தின் தாயும் தந்தையும் இரு பிள்ளைகளும் அந்த வாயுவால் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் அந்தக் கருவி இருக்கவில்லை. 2013இல் நிறைவேறிய சட்டம் அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கிறது. படுக்கையறைகளுக்கு அருகில் கருவி வைப்பது அதன் பின் கட்டாயமானது. 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். நிறமோ மணமோ இல்லாத வாயு அது. தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் காய்ச்சல் என்று எண்ணாமல் வெளியேறுங்கள்.

மேலே உள்ளதை எழுதிய பிறகு ஒரு சகோதரி கேட்டிருந்தார்: எல்லாம் முறைப்படி பொருத்தியும், மாலையில் மட்டும் வரவேற்பறையில் புகை நாற்றம் வருகிறதே, ஏன்? தங்கச்சி, நீங்கள் மாலையில்தான் சமைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மீன் பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் அடுப்புக்கு மேலுள்ள காற்றிழுவையை நாம் உச்சத்தில் போடுகிறோம். பலம் கூடிய இழுவைகள் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை வெளியே தள்ளும். இறுக மூடிய வீட்டில் அந்தக் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று வர வேண்டும். புகைபோக்கி திறந்திருந்தால் அதன் வழியாகவே, புகையோடும் காபன் மொனொக்சைட்டோடும் கீழே வரும். தணல் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் இது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அப்போது மேலிழுக்கும் வேகம் குறைவு, நாற்றமும் இருக்காது.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கணப்பு ஆறிக் கிடக்கும் ஒரு நாளில், சன்னல்கள் எல்லாவற்றையும் மூடி, காற்றிழுவை, குளியலறை மின்விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் இயக்கிவிட்டு, இன்செர்ட்டின் கதவைச் சிறிது திறந்து, அதன் முன்னால் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் நல்லது. அறைப்பக்கம் திரும்பி உங்கள் முகத்துக்கு வந்தால், கணப்பு எரியும் நேரத்தில் இழுவையைக் குறைந்த வேகத்தில் மட்டும் போட்டு, சமையலறைச் சன்னலை இரண்டு அங்குலம் திறந்துவையுங்கள். அதே சோதனையைச் சன்னல் திறந்த நிலையில் மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் புகை அறைக்கே வந்தால், வெளிக்காற்றை நேரே உள்ளே கொண்டுவரும் வழி அமைக்க உங்கள் பொருத்துநரை அழையுங்கள், அது முடியும் வரை சமைக்கும் நேரத்தில் கணப்பை மூட்டாதீர்கள்.