ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதியருக்கு

பிரிட்டனுக்குக் குடிவந்த முதல் ஆண்டில் நம்மவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றும் முறை ஒன்றுதான். நீண்ட வார இறுதி வந்ததும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்டோன்ஹெஞ்ச், பாத், கோட்ஸ்வோல்ட்ஸ் என்று இரண்டு நாளில் ஆறு இடங்களைத் தொட்டு, ஒவ்வோர் ஊரின் கார் நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் தொடங்கினோம். மான்செஸ்டரில் குடியேறி ஏழாண்டுகள் ஆன பிறகு எங்கள் வழக்கம் வேறாகிவிட்டது: ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு, போக்குவரத்துக்கு ரயிலும் பேருந்தும், மீதியெல்லாம் நடை. கையில் கார் இல்லாததால் தொடங்கிய பழக்கம், கார் வாங்கிய பின்னரும் மாறவில்லை.

கார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வைத்து, இங்கே குடியமர்ந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை ஓட்டலாம். அதன் பிறகு இந்நாட்டுத் தேர்வில் தேற வேண்டும். ஆனால் உரிமம் இருந்தாலும் கிராமப்புறச் சாலைகள் முதலாண்டுக்கு ஏற்றவை அல்ல. இரு புறமும் கல்மதிலோ புதர்வேலியோ நெருக்க, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய வழியில் எதிரே டிராக்டர் வந்தால், ஒதுங்குவதற்கென்று அகலப்படுத்தியிருக்கும் இடம் வரை நீங்கள்தான் பின்னோக்கி ஓட்ட நேரிடும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் ஓட்டுபவரை மட்டும் பார்ப்பார். பள்ளத்தாக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த நாட்டில் புதிதாக வந்தவர்கள் அறியாத பெருஞ்செல்வம் ஒன்று உண்டென்றால் அது பொது நடைபாதை உரிமைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் வயல்களின் ஊடாகவும் பண்ணை முற்றங்களின் ஓரமாகவும் ஆயிரக்கணக்கான பாதைகள் ஓடுகின்றன. அவற்றில் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையையும், நீல அம்பு குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்வோருக்கும் உரிய பாதையையும் காட்டும். வயலை உழுதால், குறித்த நாட்களுக்குள் பாதையை மீண்டும் நடக்கும்படி செய்து தருவது நிலக்காரரின் சட்டக் கடமை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடத் தாராளமானது. பயிரையும் வீட்டுத் தோட்டத்தையும் தவிர்த்துப் பொறுப்போடு நடந்துகொண்டால் ஏறக்குறைய எங்கும் நடக்கலாம்.

எங்கள் முதல் நடையில் பண்ணை வீடு ஒன்றின் இரும்புக் கதவுக்கு முன்னே கால்மணி நேரம் தயங்கி நின்றோம். கதவில் மஞ்சள் அம்பு தெளிவாக இருந்தது. ஆனாலும் அடுத்தவர் முற்றத்துக்குள் நுழைய, அதுவும் அயல்நாட்டில், மனம் ஒப்பவில்லை. வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் எங்களைப் பார்த்து, நேராக உள்ளே வந்து கொட்டகையின் இடப்புறமாகப் போகும்படி கையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். ஊரில் யாருடைய வரப்பிலும் தயங்காமல் நடந்து வளர்ந்தவன் நான். இங்கே அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன். வேலிகளைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படிகளைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தங்கள் ஊர்க் கடப்பு நினைவுக்கு வரும். கதவுகளைப் பொறுத்தவரை விதி எளிது: திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுச் செல்லுங்கள்.

இந்த உரிமை முழுவதும் தானாகக் கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டருக்குக் கிழக்கே உள்ள கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம், காட்டுக்கோழி வேட்டைக்கென நிலவுடைமையாளர்களால் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ரோத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில், நகரத்தின் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் சில நூறு பேர் ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து கூட்டமாக அதன் மேல் ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது; 1951-இல் கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது; மேய்ச்சல் மேடுகளிலும் மலைகளிலும் பாதையை விட்டும் நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது.

முதல் பயணத்துக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது அதே பகுதியிலுள்ள எடேல் என்ற சிற்றூரைத்தான். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஹோப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும், எல்லா ஊரிலும் நிற்கும் ரயிலில் மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். நிலையத்தில் இறங்கித் தெற்கே வயல்களின் ஊடாக ஏறினால் ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய் வரும். எடேலில் தேவாலயம் கட்டப்படுவதற்கு முன்பு இறந்தவர்களின் சவப்பெட்டிகளை இந்தக் கணவாய் வழியாகவே மலைக்கு அப்பால் தூக்கிச் சென்றார்கள். அங்கிருந்து வலப்புறம் திரும்பி, முகட்டின் மேலேயே கல் பாவிய பாதையில் நடந்தால் 517 மீட்டர் உயரமுள்ள மாம் டார் உச்சி வந்துவிடும். நாங்கள் ஏறிய அன்று காற்று அடித்த அடியில் என் மனைவியின் துப்பட்டா வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அன்றிலிருந்து மலைக்கு அது வருவதில்லை.

உச்சியில் இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு காங்கிரீட் தூண் நிற்கும். நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து மீண்டும் அளக்க 1936-இல் தொடங்கிய பெரும் அளவைக்காக, ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு அளவைத் துறை மலைகள்தோறும் எழுப்பிய தூண்களில் அது ஒன்று. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான நேர்கோட்டை) அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியதும் இதே முறையில்தான் என்பதால், பல்லாவரத்துக்காரனான எனக்கு அந்தத் தூணின் மேல் கையை வைத்து நிற்பதில் ஒரு சொந்தம் உண்டு.

மாம் டாரிலிருந்து காசில்டன் பக்கமாக இறங்கும்போது கைவிடப்பட்ட தார்ச்சாலை ஒன்றில் நடக்க வேண்டியிருக்கும். களிப்பாறை அடுக்குகள் ஓயாமல் சரிவதால் இந்த மலைக்கு நடுங்கும் மலை என்றே பெயர் உண்டு. பல தலைமுறைகளாகச் செப்பனிட்டுப் பார்த்து, 1979-இல் அந்தச் சாலையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். நடுக்கோடு அழியாத தார், ஆளுயரத்துக்கு மேலும் கீழுமாக அடுக்கடுக்காக உடைந்து கிடக்கிறது. அடுக்கின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்ட தாரின் கனத்தைக் கைவிரலால் எண்ணலாம். காசில்டனில் தேநீர் அருந்திவிட்டு, ஓடையை ஒட்டிய வயல்வழியாக ஹோப் ரயில் நிலையத்தை அடைந்தால் மொத்தம் 10 கிலோமீட்டருக்குச் சற்றே கூடும். வேனில் வந்தால் இதே காசில்டனை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், உண்மைதான்.

பயணச்சீட்டுக்கு வருவோம். இருவர் சேர்ந்தே பயணம் செய்வதற்கென்று டூ டுகெதர் ரயில்கார்டு என்ற ஓராண்டு அட்டை உண்டு. 2025-இல் அதன் விலை 35 பவுண்டு ஆனது. இருவருடைய கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். தம்பதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பெயரும் படமும் பதிந்த இருவராக இருந்தால் போதும். வார நாட்களில் காலை 9.30-க்கு முன் அது செல்லாது. வார இறுதியில் தடையில்லை. முக்கியமான நிபந்தனை, இருவரும் ஒரே ரயிலில் இருக்க வேண்டும் என்பதுதான். ஒருமுறை என் மனைவி தோழி வீட்டில் தங்கிவிட, அதே சீட்டில் நான் மட்டும் திரும்பி, பரிசோதகரிடம் மாட்டி முழுக் கட்டணத்துக்கான புதுச் சீட்டை வாங்க நேர்ந்தது. ரயில் தாமதமானால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் தர மாட்டார்கள், ஆகவே சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இங்கிலாந்துப் பேருந்துகளில் 2023-இல் 2 பவுண்டு என்று வைத்த ஒருவழிக் கட்டண உச்சவரம்பு 2025 ஜனவரியில் 3 பவுண்டாக உயர்ந்தது. திட்டத்தில் சேர்ந்த வழித்தடங்களில் தொலைவு எவ்வளவானாலும் அதற்கு மேல் வாங்க மாட்டார்கள்.

பேருந்தில் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பேருந்தின் நேரத்தைத்தான். போகிற நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிராமங்களில் மாலை ஐந்து, ஆறு மணியோடு சேவை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஊர்களுக்குப் பேருந்தே கிடையாது. சில தடங்கள் கோடைக்கு மட்டும் ஓடுபவை. யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதிச் சிற்றூர் ஒன்றின் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை நம்பி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். அது முந்தைய வாரத்தோடு முடிந்துபோன கோடை அட்டவணை. கிழித்தெடுக்க நிறுவனத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அன்று அதிகாலையில்தான் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள் என்பதால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கைப்பேசியில் அலை இல்லை. கடைசியில் ஊரின் ஒரே பப்பில் இருந்த பெண்மணி தன் தொலைபேசியிலிருந்து டாக்சியை வரவழைத்துத் தந்தார். அதற்கான 45 பவுண்டில் இருவரும் இன்னொரு முறை வந்து போயிருக்கலாம்.

இருள் பற்றி நம்மவர்கள் குறைவாகவே எண்ணுகிறார்கள். ஜூனில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் நடையைப் பகல் ஒரு மணிக்குள் பாதிக்கு மேல் முடித்திருக்க வேண்டும், பையில் தலைவிளக்கு இருக்க வேண்டும். கூடவே தாள் வரைபடமும் வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு நிற அட்டையுள்ள எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். வயல்மதில்கள்கூட அதில் இருக்கும். பொதுப் பாதைகள் பச்சைக் கோடுகளாக ஓடும். மலையில் விபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, அவர்களிடம் மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அக்குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

ஒரு நாளுக்கு மேல் தங்குவதானால் லேக் டிஸ்ட்ரிக்டைச் சொல்வேன், ஆனால் ஓர் ஊரில் நான்கு இரவு என்ற கணக்கில். இளைஞர் விடுதிகள் என்று பெயர் கொண்டிருந்தாலும் ஒய்எச்ஏ (இளைஞர் விடுதிச் சங்க) விடுதிகளில் இருவருக்கான தனியறைகள் உண்டு. பலவற்றில் நாமே சமைத்துக்கொள்ளும் பொதுச் சமையலறையும் இருப்பதால், இரவில் ரசமும் சோறும் கிடைப்பது உறுதி. விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து 555 எண் பேருந்தின் மாடியில் முன் இருக்கையைப் பிடித்தால், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் வரை ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வழியில் மரங்களுக்கிடையே தெரியும் தேர்ல்மியரை, வேர்ட்ஸ்வொர்த் போன்ற கவிஞர்கள் பாடிய இயற்கை ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். அது அணைகட்டிய நீர்த்தேக்கம். 1894 முதல் ஏறக்குறைய 96 மைல் நீளக் கால்வாயில், பம்பு எதுவும் இன்றிச் சரிவை மட்டும் நம்பி, அந்த நீர் மான்செஸ்டருக்கு வருகிறது. நாங்கள் தினமும் குடித்துக்கொண்டிருந்ததன் ஊரைப் பேருந்தின் மாடியிலிருந்து பார்த்தபோது, வீராணத்தை நேரில் பார்த்த சென்னைக்காரர்களைப் போல இருவரும் வாயடைத்துப்போனோம்.

லண்டனைச் சுற்றி இருப்பவர்களுக்கு வடக்கு தொலைவு. அவர்கள் சர்ரேயிலுள்ள பாக்ஸ் ஹில்லில் தொடங்கலாம். மோல் ஆற்றைப் படிக்கற்கள் மீது தாண்டி மலையேறும் பாதை நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது, வெள்ளம் வந்தால் மட்டும் கற்கள் மூழ்கிவிடும். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளின் மேல் நடப்பது முழுநாள் வேலை. படம் எடுப்பதற்காக அங்கே விளிம்புக்குப் போகவே போகாதீர்கள். நீங்கள் நிற்கும் புல்தரைக்குக் கீழே பாறை இல்லாமலும் இருக்கலாம்.

எந்தப் பருவத்தில் போவது என்று கேட்பவர்களுக்கு, ஒரே இடத்துக்கு மூன்று பருவங்களில் போங்கள் என்பதே என் பதில். ஏப்ரல் கடைசியில் காட்டுத்தரை முழுவதும் நீலமணிப் பூக்கள். ஆகஸ்டில் மேட்டுநிலமெங்கும் ஹெதர் என்ற குறுஞ்செடியின் ஊதா நிறம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கப் பழகியவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் சலுகை. மஞ்சளாய்ப் பூக்கும் கார்ஸ் என்ற முட்செடியை மட்டும் நீலகிரிக்காரர்களும் ஹோர்ட்டன் சமவெளியைப் பார்த்தவர்களும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊர் நினைப்பில் வெள்ளையர்கள் அங்கே கொண்டுபோய் நட்டது, இன்று அந்தப் புல்வெளிகளை விழுங்கும் களையாகிவிட்டது. இங்கே அதற்குத் தன் இடம் தெரியும்.

உணவுக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பப்பில் உண்பதாக இருந்தால், பல இடங்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணியோடு முடிந்துவிடும் என்பதையும், உணவை மேசையில் காத்திருந்து கேட்காமல் எழுந்து சென்று கல்லாவில் சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுவதும் காயாது. கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் விலகி நடங்கள், இங்குள்ள மாடுகள் நம் ஊர் மாடுகளைப் போல மனிதருக்குப் பழகியவை அல்ல. எதிரே வருபவர்கள் வணக்கம் சொல்வார்கள், பதிலுக்குச் சொல்லுங்கள். ரயிலில் ஒரு மணி நேரம் எதிரில் அமர்ந்தும் வாய் திறக்காதவர்கள்தான் மலைமேல் நின்று வானிலை பேசுகிறார்கள். துணையோடு வந்து வேலை கிடைக்காமல் குளிர்காலம் முழுவதும் வீட்டிலிருந்த என் மனைவிக்கு, முதலாண்டில் அந்தப் பேச்சுகள் எவ்வளவு பெரிய துணையாக இருந்தன என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்; புல்லில் ஒட்டும் உண்ணிகளால் லைம் நோய் வரக்கூடும். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல மேலே இழுத்தெடுங்கள், அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போங்கள். பூட்ஸைச் சேற்றோடு ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வாசலிலேயே விடுங்கள், செவ்வாய்க்கிழமைக்குள் காய்ந்துவிடும்.