பனிக்கரடி வளை வரைபடம்: கடற்கரைப் பக்கம் ஒண்டுமே விழுதில்லை, உதவி தேவை

களுவாஞ்சிக்குடிப் புள்ள:
வணக்கம். கம்பஸ் கடைசி வருஷ ப்ரொஜெக்ட்டுக்குப் பனிக்கரடி எடுத்திருக்கிறன். (சிரிக்காதீங்க, யானையை மற்றாக்கள் முந்தி எடுத்திட்டாங்க.) அலாஸ்காவிண்ட வடக்குக் கரையில பெண் கரடி எங்க வளை தோண்டிக் குட்டி போடும் எண்டு கியூஜிஐஎஸ் எண்ட வரைபட மென்பொருளில முன்கூட்டியே காட்டோணும். ஒக்டோபர், நவம்பரில காத்து குவிச்ச பனிக்குள்ள தோண்டி இறங்கும், வருஷம் பிறக்கிற நேரத்தில குட்டி போடும், மார்ச், ஏப்ரலில குட்டிகளோட வெளிய வரும்.

டர்னர் ஆக்கள் 2003இல் எழுதின கட்டுரையில நிபந்தனை லேசாத்தான் தெரியுது: குறைஞ்சது 1.3 மீற்றர் உயரமான கரை, சரிவு 15.5இல இருந்து 50 பாகை, சராசரி 40. எஸ்ஆர்டிஎம் எண்ட விண்வெளி ஓட உயரத் தரவை இறக்கப் போனா அந்தப் பக்கத்துக்குத் தரவே இல்லை. மறுகா கொப்பர்னிக்கஸ் எண்ட செய்மதி உயரத் தரவைப் (ஒரு கட்டம் 30 மீற்றர்) போட்டன். 15 பாகைக்கு மேல கேட்டா தெற்கில புரூக்ஸ் மலைத்தொடர் முழுக்கச் சிவப்பு. கொல்வில் ஆத்துக் கழிமுகத்தில இருந்து கிழக்க கனிங் ஆறு வரைக்கும் கரையோரம் வெறுமை. ஆனா வளை பதிவான இடங்கள் கனக்க அந்தக் கரையிலயும் ஆத்தோரத்திலயும்தான் கிடக்கு. 5 பாகைக்கு இறக்கியும் பார்த்தன், அதே கதைதான். லப்டொப் 8 ஜிபி ரம்.

வாவிமீன்:
இந்த வெயிலுக்குள்ள இருந்து பனிக்கரடியா! விஷயம் தெரிஞ்ச ஆக்கள் வருவாங்க, இழையை மேல தள்ளி விடுறன்.

அக்கரைப்பற்று அளவையாளர்:
தங்கச்சி, எஸ்ஆர்டிஎம் வட அகலாங்கு 60 பாகையோட முடிஞ்சிரும். உங்கட இடம் 70. அத மறந்திருங்க.

30 மீற்றர் தரவுல என்ன நடக்குதெண்டு கணக்குப் போட்டுப் பாருங்க. கியூஜிஐஎஸ் ஒரு கட்டத்துக்குச் சரிவு எடுக்கக்குள்ள ரெண்டு பக்கத்துக் கட்டத்தையும்தான் பார்க்கும், அப்ப 60 மீற்றர் தூரம். 1.3 மீற்றர் ஏத்தம் 60 மீற்றரில பரவினா 1.2 பாகைதான் வரும். நீங்க 5 கேட்டா எப்படி விழும்? அதே கரை 2 மீற்றர் தரவுல 4 மீற்றருக்குள்ள ஏறும், 18 பாகை. நிபந்தனைக்குள்ள வந்திரிச்சு. கரடிக்கு வேணும் எண்டுறது ஆள் மட்டத்துக்கும் குறைஞ்ச ஒரு ஆத்தங்கரை, மலை இல்ல.

ஆர்க்டிக்டெம் எண்ட உயரத் தரவைத் தேடுங்க. மினசோட்டா பல்கலைக்கழகத்துத் துருவ நிலையம் சும்மா தருது, 2 மீற்றர். அது 3413 எண்ட துருவ எறியத்தில (பூமி உருண்டையைத் தட்டையாக்கிற ஒரு முறை) மீற்றரில வரும், அப்படியே வெச்சிக்கிட்டு வேலை செய்யுங்க. பாகைக்கு மாத்தினீங்களெண்டா உயரம் மீற்றர், தூரம் பாகை எண்டு குழம்பி எல்லா இடமும் 90க்குக் கிட்டக் காட்டும். 8 ஜிபிக்கு முழுக் கரையும் ஒரேயடியாத் தாங்காது. தரவு துண்டு துண்டா, ஓடு எண்டு சொல்லுறது, வரும்; அந்த ஓடுகளை விஆர்டி எண்ட இணைப்புக் கோப்பாச் சேர்த்து, கரையோரமும் ஆத்தோரமும் ஒரு பட்டி மட்டும் வெட்டி எடுங்க.

களுவாஞ்சிக்குடிப் புள்ள:
நானா, விழுந்திட்டு! ஆறு வளையிற இடமெல்லாம் மெல்லிசாச் சிவப்புக் கோடு. ஆனா ஏரிகளுக்கு மேலயும் கடலுக்கு மேலயும் புள்ளி புள்ளியாச் சிவப்புக் கிடக்கு.

அக்கரைப்பற்று அளவையாளர்:
அது சத்தம், அதாவது தரவில வாற பொய்ப் புள்ளி. செய்மதிப் படச் சோடிகளை ஒப்பிட்டுத்தான் அந்த உயரத்தை எடுக்கிறாங்க, தண்ணியில பிடிமானம் இல்லாம உயரம் துள்ளும். நீர்நிலைப் படலத்தால மறைச்சு விடுங்க. மேடு பள்ளம் தெரியிற நிழல் படம் ஒண்டும் போட்டுப் பாருங்க. பனி கிடக்கக்குள்ள எடுத்த படமெண்டா கரை மூடுண்டு மட்டமாக் கிடக்கும், அந்த ஓட்டை நம்பாதீங்க.

வின்னிபெக்கில ஒரு மட்டக்களப்பான்:
மகள், கரை இருந்தாப் போதாது, அதில பனி சேரோணும். கச்சான் காத்துக்கு வேலிக்கு மறுபக்கம் மணல் அணையிறதப் பார்த்திருப்பீங்க, அதே வேலைதான். அலாஸ்கா வடகரையில காத்து கூடுதலா கிழக்கு-வடகிழக்கில இருந்து, எதிர்ப்பக்கம் மேற்கு-தென்மேற்கில இருந்தும் அடிக்கும். அதனால ஒரு திசைக் கரையை மட்டும் எடுத்துப் போடாதீங்க. லிஸ்டன் ஆக்கள் 2016இல் ஸ்னோடென்ஸ்-3டி எண்டு ஒரு கணினி மாதிரியுரு செய்திருக்கினம். அந்தந்த வருஷக் காத்தையும் பனியையும் குடுத்து, எங்க போதிய ஆழத்துக்குக் குவியும் எண்டு கணிக்கும். இளமாணிப் ப்ரொஜெக்ட்டுக்கு அது கூடிப்போச்சு, விவாதப் பகுதியில சொல்லுங்க.

இன்னொண்டு. அலாஸ்காவுக்கு வடக்க கிடக்கிற போபோர்ட் கடல் கரடிகள்ல ஒரு பங்கு கடல் பனிக்கட்டிக்கு மேலயே வளை போடும். 1985–1994இல் 62 வீதம், 1998–2004இல் 37 வீதம். அதை உங்கட படம் பிடிக்காது, எல்லை எண்டு எழுதி விடுங்க. இங்க மனிடோபாவில, வாப்பஸ்க் பூங்காப் பக்கம் வேற கதை. ஏரிக்கரையில மக்கின தாவர மண்ணுக்குள்ளயே தோண்டுது. அலாஸ்கா நிபந்தனையை இங்க கொண்டுவந்து ஒட்டேலாது.

இதெல்லாம் என்னத்துக்கு எண்டு வைவாவில கேப்பினம். எண்ணெய் வேலை செய்யிறவங்க தெரிஞ்ச வளைக்கு 1.6 கிலோமீற்றர் தள்ளி நிக்கோணும். தெரியாததை விமானத்தில அகச்சிவப்புக் கமரா வெச்சுத் தேடுறாங்க. 2020இல் வந்த ஆய்வில, இருந்தது 33 வளை, கமரா கண்டது 15.

களுவாஞ்சிக்குடிப் புள்ள:
நல்லா விளங்கினது மாமா. கடைசியா ஒண்டு, சரிபார்க்க வளை இருப்பிடம் எங்க எடுக்கலாம்?

அக்கரைப்பற்று அளவையாளர்:
அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1910–2010 வளைப் பட்டியல் வெளியிட்டிருக்கு. ஆனா எல்லாத்தையும் போட்டு அடிக்காதீங்க. வேட்டைக்காரர் சொன்னதும் கிடக்கு, கழுத்துப்பட்டிச் செய்மதிச் சமிக்ஞையும் கிடக்கு, துல்லியம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி. உங்கட சிவப்புக் கோடு சில மீற்றர் அகலம், ஒரு கிலோமீற்றர் பிழையுள்ள புள்ளியை வெச்சு அதைச் சோதிக்கேலாது. நேரில போய் அளந்த புள்ளிகளை மட்டும் வடிச்சு எடுங்க. அதே அளவு எழுந்தமானப் புள்ளியும் அந்தப் பட்டிக்குள்ள போட்டு, ரெண்டிலயும் எத்தின கோட்டுக்குக் கிட்ட விழுதெண்டு ஒப்பிடுங்க.