மூளையறை ரத்தக்கசிவும் நீர்த்தேக்கமும்: அகநோக்கி அறுவைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையின் உள்ளறைகளில் ரத்தம் கசிந்து, அதனால் நீர் தேங்கினால் எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய், அதாவது அகநோக்கி) வழியாகச் செய்யும் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். 'மூளை நீர்க்கோவை அகநோக்கி அறுவை' என்று ஒரே சொற்றொடராக எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

*

வணக்கம் ஐயா. 'மூளையறை மடைதிறப்பு' எப்படி? தேங்கிய நீருக்கு வழி விடுவதுதானே இந்த அறுவை. மடை நம் வயல்வெளிச் சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

*

இருவருக்கும் வணக்கம். நரம்பியல் அறுவைப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'நீர்க்கோவை' வேண்டாம். மூக்கடைப்பு, தலைபாரம், சளி இவற்றுக்கெல்லாம் மக்கள் சொல்லும் சொல் அது. உயிருக்கு ஆபத்தான நிலையில் படுத்திருப்பவரின் மகனுக்கு அந்தப் பெயரைச் சொன்னால், 'இதற்கா மண்டையில் துளை?' என்றுதான் கேட்பார். 'மூளைநீர்த் தேக்கம்' என்றால் நடப்பது புரியும். பெரியவர்களின் மூளையறைகளிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் இருக்கும் நீர் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் புதிதாகச் சுரப்பதோ சுமார் 500 மில்லிலிட்டர். அறைகளுக்கு நடுவிலுள்ள குறுகிய பாதையில் உறைந்த ரத்தம் போய் உட்கார்ந்துவிட்டால் சுரப்பு நிற்காது, வெளியேற்றம்தான் நிற்கும். தேக்கம் என்ற சொல்லுக்குள் இது முழுக்க அடங்கிவிடுகிறது.

'அறை' இருக்கட்டும். அதற்குப் பதில் 'குழி' வேண்டாம், அதை மண்டையோட்டு எலும்பின் பள்ளங்களுக்கு விட்டுவைப்போம். 'அகநோக்கி'யும் நல்ல சொல். 'உள்நோக்கி' என்றால் 'உள்நோக்கத்தோடு செய்தார்' என்ற பேச்சு காதில் விழுகிறது.

இனி முக்கியமான விஷயம். ஒரே பெயர் போட்டால் இரண்டு வேறு அறுவைகள் கலந்துபோகும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அகநோக்கியைப் பக்க அறைக்குள் செலுத்துவது வரை இரண்டும் ஒன்றே. அதன் பிறகு ஒன்றில், உடல்வெப்பத்துக்குச் சூடாக்கிய நீர்மத்தை விட்டுக் கழுவிக் கழுவி, ரத்தக்கட்டியை மெல்ல உறிஞ்சி எடுக்கிறோம். தொடக்கத்தில் திரையில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. பொறுமையாகக் கழுவினால்தான் அறையின் சுவர் கண்ணுக்குத் தெளியும். இதை 'அகநோக்கி வழி மூளையறை ரத்தக்கட்டி அகற்றல்' என்று சொல்லலாம்.

மற்றதில், மூளையின் நடுவிலுள்ள மூன்றாம் அறையின் தளத்தில், மெல்லிய சவ்வாக இருக்கும் இடத்தில் துளையிட்டு, சிறு பலூனால் அதை விரிக்கிறோம். அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியேற அது புதுவழி. அந்தச் சவ்வுக்கு நேர் கீழே மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. அதனால் அந்தச் சில நிமிடங்களில் அறுவை அரங்கில் யாரும் பேசமாட்டோம். அகநோக்கி கொண்டு இதை முதன்முதலில் செய்தவர் வில்லியம் மிக்ஸ்டர், 1923-இல். 'மடைதிறப்பு' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 'மடை திறந்த வெள்ளம்' என்றே பழகிய காதுக்கு, தலைக்குள் வெள்ளம் பாயும் என்ற அச்சம் வரும். மேலும் மடை ஏற்கெனவே இருப்பது, திறந்தால் போதும். இங்கே இல்லாத வழியை உண்டாக்குகிறோம். ஆகவே 'மூன்றாம் மூளையறைத் தளத்துளைப்பு'. எங்கே, என்ன என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது.

கட்டியை அகற்றினாலே சிலருக்குத் தேக்கம் வடிந்துவிடும். சிலருக்கு இரண்டும் ஒரே அமர்வில் தேவைப்படும். இன்னும் சிலருக்கு, கசிந்த ரத்தம் நீரை உறிஞ்சும் இடங்களையே கெடுத்துவிடுவதால், பின்னாளில் ஷண்ட் (நீரை உடலுக்குள்ளேயே வேறிடத்துக்கு வடியவிடும் குழாய்) வைக்க நேரும். அவர்களுக்குத் தளத்துளைப்பு மட்டும் பெரும்பாலும் போதாது. கையெழுத்துப் போடுபவர், தான் எதற்குச் சம்மதிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொடரில் அடக்கினால் அந்த உரிமையையே பறித்துவிடுகிறோம். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

*

நன்றி அம்மா. படிவத்தில் இரண்டையும் தனித்தனி வரிகளாக, தனித்தனிக் கையெழுத்துக்கு இடம் விட்டுப் பிரித்துவிட்டேன். 'மடை'யைத் தந்த நண்பருக்கு ஒரு விண்ணப்பம்: அறுவைக்கு முன்போ பின்போ சில நாட்கள் நீரை வெளியிலுள்ள பைக்கு வடியவிடும் குழாய்க்கு 'புறவடிகுழாய்' என்று போட்டிருக்கிறேன். ஷண்ட் உடலுக்குள்ளேயே தலையிலிருந்து வயிறுவரை போவதால் 'உள்வடிகுழாய்' என எழுதினால் இரண்டும் இணையாக நிற்குமா, அல்லது மக்கள் வாயில் பழகிய 'ஷண்ட்'டையே விட்டுவிடலாமா?