மாலை 5.30 வரை பள்ளி: நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணக்கு ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

எங்களுடையது அரசு உயர்நிலைப் பள்ளி, ஆறு முதல் பத்து வரை. காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஏறக்குறைய பாதிப் பேர் 35-ஐத் தொடவில்லை. ஒன்பதாம் வகுப்பு அதைவிட மோசம். போன வாரம் ஹெச்.எம். ஸ்டாஃப் மீட்டிங் போட்டார். 4.10-க்கு விடும் பள்ளியை 5.30 வரை நீட்டலாமா, இல்லை காலையில் 8.30-க்கே தொடங்கலாமா என்பதுதான் பேச்சு. திருப்புதல் தேர்வு நெருங்கும்போது வழக்கமாகப் போடும் சிறப்பு வகுப்பு அல்ல இது. இப்போதிருந்தே, தினமும், பின்தங்கிய பிள்ளைகளுக்காக மட்டும்.

தமிழாசிரியர் உடனே சரி என்றார். அறிவியல் டீச்சர் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடிவிட்டார். நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம்.

நடத்திப் பார்த்தவர்கள், அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள், பிள்ளையை அனுப்பியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். ‘அர்ப்பணிப்பு இருந்தால் எல்லாம் முடியும்’ வகை அறிவுரை வேண்டாம், அது எங்களுக்குத் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது.

அறிவியல் ஆசிரியை, ஒரத்தநாடு பக்கம்

முதலில் பஸ்ஸைப் பாருங்கள் சார். எங்கள் பள்ளிக்கு ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். 4.30-க்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் 6.45. வகுப்பு 5.30-க்கு முடிந்தால் ஒன்றேகால் மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இலவச பாஸ் எல்லோர் பையிலும் இருக்கிறது, பஸ்தான் இல்லை. அரசு கொடுக்கும் சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. பத்தாவதோடு முடிகிற பள்ளியில் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரண்டு வாரத்திலேயே பெண் பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து, “டீச்சர், மார்க் போனால் போகட்டும், புள்ளையை நேரத்துக்கு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காலை 8.20-க்கு மாற்றினோம். வந்தவர்கள் உள்ளூர்ப் பையன்கள், அதிலும் பாதிப் பேர் ஓரளவு படிக்கிறவர்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தப் பெண்கள் எப்போதும் போல 9.20-க்குத்தான் வந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பி, அம்மா நடவுக்குப் போகிற நாளில் சோறும் வடித்து வைத்துவிட்டு வருகிற பிள்ளையிடம் 8.20 என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. நேரம் வேண்டும் என்று பி.இ.டி. (விளையாட்டு) பீரியடைப் பிடுங்காதீர்கள். படிப்பு வராத பையன் பள்ளிக்கு வருவதே சில சமயம் அந்த ஒரு பீரியடுக்காகத்தான். எங்கள் பள்ளியில் அதைக் கணக்குக்குக் கொடுத்ததும், அந்தக் கிழமையில்தான் வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழுந்தது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

நேரம் கிடைத்தால் அதில் என்ன செய்யப் போகிறீர்கள்? இதை யாரும் கேட்பதே இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 30. இன்னும் ஐந்து எடுத்தால் பாஸ். அறிவியலில் செய்முறை 25 போக எழுத்துத் தேர்வு 75-க்கு, அதில் 20 வந்தால் கரை ஏறிவிடலாம். தமிழ்நாட்டில் மாலை வகுப்பு என்றால் பெரும்பாலும் இந்தக் கூட்டல் கணக்குத்தான். நானும் பல வருஷம் நடத்தியிருக்கிறேன், பாஸும் போட வைத்திருக்கிறேன். பத்தில் தவறிய பெண் பிள்ளைக்கு வீட்டில் அடுத்து என்ன ஏற்பாடு நடக்கும் என்று தெரிந்தவன் இதைக் கேலி செய்ய மாட்டான்.

ஆனால் அதற்கு வருஷம் முழுக்கத் தினமும் ஒரு மணி இருபது நிமிஷம் தேவையே இல்லை. ஜனவரி, பிப்ரவரி போதும். அக்டோபரிலிருந்தே நீட்டுவதானால் வேறு வேலைக்காக நீட்டுங்கள். வட்டத்துக்குத் தொடுகோட்டைப் பிழையில்லாமல் வரைந்து காட்டிய பையன், 84-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் பதினொன்றாம் வகுப்பில் போய் என்ன செய்வான்? 2025-26-லிருந்து அங்கே பொதுத்தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. அவனுடைய ஓட்டை பன்னிரண்டாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

ஒரு தாய், திருப்பூர்

டீச்சர்கள் எல்லாம் மாலை வகுப்பே வேண்டாம் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். எனக்கு வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், வீட்டுக்கு வர எட்டரை ஒன்பது ஆகும். நாலரை மணிக்கு வீட்டுக்கு வரும் பையன் அதுவரை எங்கே, யாரோடு இருக்கிறான் என்று தைத்துக்கொண்டே யோசிக்கிற வேதனை வேண்டாம் என்பதற்காகவே மாலை வகுப்பை விரும்பினேன்.

ஆனால் அவன் போகவில்லை. காரணம் இரண்டு. முதல் காரணம் பசி. மதியம் 12.40-க்கு சத்துணவு சாப்பிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை. காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்பதாவது படிக்கிற பையன் பாதி நாள் காலையில் டீயோடு ஓடுகிறவன். அவனை 5.30 வரை உட்கார வைத்து ஆங்கிலம் சொன்னால் காதில் ஏறுமா?

இரண்டாவது, பிரேயரில் பெயர் வாசித்தார்கள். ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று பட்டியல். பையன்கள் அன்றைக்கே அதற்கு ‘மக்கு கிளாஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் மகன் மூன்றாம் நாளே கழிவறைப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டான். பள்ளியிலிருந்து, ‘உங்கள் மகன் ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு கடிதம், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் நாலைந்து அம்மாக்கள் பேசினோம். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கொண்டைக்கடலை தருகிறேன் என்றார், சத்துணவு அக்கா அவித்துத் தாளித்துக் கொடுத்தார். பெயர் வாசிப்பதையும் நிறுத்திவிட்டு, விரும்புகிறவர்கள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். நன்றாகப் படிக்கிற இரண்டு பையன்கள் சுண்டலுக்காகவே உட்கார்ந்தார்கள். அவர்களே உட்கார்ந்ததும் என் மகனுக்கு வெட்கம் போய்விட்டது. இப்போது போகிறான். மார்க்கெல்லாம் இன்னும் பெரிதாக ஏறவில்லை.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், மரக்காணம் பக்கம்

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் முதலமைச்சர் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலை 5 முதல் 7 வரை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. ஒரத்தநாடு டீச்சர் சொன்ன பஸ் பிரச்சினை எனக்கு வந்ததே இல்லை. வகுப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் அம்மாக்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போய், ஏதோ சாப்பிட்டு, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

எட்டாவது படித்த ஒரு பெண் ‘கொ’வுக்கும் ‘கோ’வுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறினாள். அவள் வகுப்பில் பேசவே மாட்டாள் என்று அவளுடைய டீச்சரே என்னிடம் சொன்னார். ஆனால் திண்ணையில் மூன்றாவது படிக்கும் பிள்ளைகளுக்கு அவள்தான் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினாள், அதாவது அவர்களுக்கு வாசிக்கிறேன் என்ற சாக்கில் தானும் வாசித்தாள். நாற்பது பேர் நடுவில் பத்தாம் வகுப்பு மாணவி மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்க முடியுமா? அதற்கான மறைவு வேண்டும்.

ஒன்பதாவது போனதும் அவளுக்கு மையத்தில் இடம் கிடையாது, விதி அப்படி. அவளும் இன்னும் சிலரும் ஓரமாக வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுப்பவில்லை.

பாடசாலை ஆசிரியை, கிளிநொச்சி, இலங்கை

எங்கட நிலைமை கொஞ்சம் வேறு. பாடசாலை காலை 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு முடியும். 2026-இலிருந்து 2 மணி வரை நீட்டப்போவதாக அரசு அறிவித்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அந்த அரை மணித்தியாலத்தை விட, நாங்கள் சாதாரண தரப் பரீட்சை (11ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சை) எழுதுகிற பிள்ளைகளுக்கு வைக்கிற மேலதிக வகுப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பகல் வெயிலில், 2 மணிக்குத் தொடங்கும். தொடக்கத்தில் முழு வகுப்பும் இருந்தது. போகப்போக, ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விடுப்புக் கேட்டுப் போய்விட்டார்கள். அதிபருக்கு, அதாவது தலைமை ஆசிரியருக்கு, கவலை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மிஞ்சியது பத்துப் பன்னிரண்டு பேர், கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்கு (12, 13ஆம் வகுப்புக்கு) போக வழியில்லாமல் நிற்கிற பிள்ளைகள். முதல் தடவையாக ஒவ்வொருவரின் கொப்பியையும் அவரவர் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. வகுப்பு சிறிதாகியிராவிட்டால் காலையில் சொன்னதையே பின்னேரமும் ஒருமுறை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ. முடித்தவன், கோவை

நான் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன். 5.30 வரை வைத்தார்கள். கேள்வி-பதிலைப் பத்து முறை எழுத வேண்டும், எழுதி முடித்தால் போகலாம். பக்கத்தில் இருப்பவனிடம் ஐந்து முறை எழுதி வாங்கிவிட்டுச் சீக்கிரம் கிளம்புவோம். பதில் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அர்த்தம் அன்றைக்கும் தெரியாது.

ஆங்கில ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

மீட்டிங்கில் யாரும் கேட்காத ஒன்று: கடைசியில் கேட்டைப் பூட்டுவது யார்? பல உயர்நிலைப் பள்ளிகளில் வாட்ச்மேன் கிடையாது. கடைசிப் பெண் பிள்ளை பஸ் ஏறும்வரை இரண்டு ஆசிரியர்களாவது இருந்தாக வேண்டும், அதில் ஒருவர் ஆசிரியை. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியர் வேலை நேரத்தை வாரம் குறைந்தது 45 மணி என்கிறது, பாடத் தயாரிப்பையும் சேர்த்து. எங்களைப் போன்ற பள்ளிகளில் ஆறாவதுக்கும் பத்தாவதுக்கும் ஒரே ஆள்தான் போகிறோம். கூடுதல் நேரத்தை எதிலிருந்து கழிப்பது என்று கேட்பதை சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாங்கள் முதலில் போட்ட அட்டவணை திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம் என்று பாடத்துக்கு ஒரு நாள். யாருக்கும் மனக்கசப்பு வராத ஏற்பாடு. ஆனால் வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு ஐந்து நாளும் ஐந்து விதமாகப் புரியாமல் போனதுதான் மிச்சம். 2025-ல் அரசு 6 முதல் 9 வரை ‘திறன்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று அடிப்படையில் மட்டும் நின்றதைப் பார்த்துவிட்டு, பத்தாவதுக்கும் அதையே செய்தோம். மாலையில் யார் தங்கினாலும் சரி, அன்றைக்கு வாசிப்பும் நான்கு அடிப்படைக் கணக்கும்தான். அவரவர் பாடத்தைத் தொடக் கூடாது. இதற்குத்தான் ஸ்டாஃப் ரூமில் பெரிய சண்டை நடந்தது, நேரத்தைக் கூட்டியதற்கு அல்ல. “என் சிலபஸை யார் முடிப்பது?” என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை.

நேரமும் 5.30 அல்ல, 4.50. 5.05-க்கு ஒரு பஸ் இருப்பதால். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தூரத்திலிருந்து வரும் இரண்டு டீச்சர்களுக்கு மாலைக்குப் பதிலாக மதிய இடைவேளையில் இருபது நிமிஷம். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்தான் இப்போது வகுத்தல் சொல்லித் தருகிறார், கணக்கு வாத்தியாரை விடப் பொறுமையாக. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம் என்கிறார். அதற்குத் தங்குவதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இதுவரை கிடைக்கவில்லை.