புதிய அலைவரிசையில் பவர் ஏற மாட்டேங்குது

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் கல்லூரியின் வளாக எஃப்எம் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அலைவரிசையை மாற்றவும் 50 வாட்டை 100 ஆக்கவும் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) அனுமதி போன மாதம் கிடைத்தது. புதிய அலைவரிசை பழையதைவிட 2 மெகாஹெர்ட்ஸ் கீழே.

சனிக்கிழமை இரவு மாற்றினோம். 60 வாட்டிலேயே 9 வாட் திரும்பி வருகிறது, எஸ்டபிள்யூஆர் (பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2.2. அதற்கு மேல் ஏற்றினால் டிரான்ஸ்மிட்டர் தானே பவரைக் குறைத்துக்கொள்கிறது.

டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சோதனைச் சாதனம்) 100 வாட் நிம்மதியாக ஓடுது. ஒரு கனெக்டரில் பச்சையாகக் களிம்பு. புதிதாகப் போட்டும் பலனில்லை. பிறகு மூன்று அறை கொண்ட கேவிட்டி ஃபில்டரை (எங்கள் அலைவரிசையை மட்டும் விட்டு மற்ற அலைகளைத் தடுப்பது) டம்மி லோடோடு கோர்த்துப் பார்த்தேன். அதே 2.2! ஃபில்டரைத் தொட்டால் சுடுது. பழைய அலைவரிசைக்கு டியூன் செய்தது, அப்படியே விட்டுவிட்டோம்.

"ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டு" என்கிறார் நண்பர் ஒருவர். 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமானங்கள் பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டை, ஃபில்டர் இல்லாவிட்டால் தேவையற்ற அலைகள் அங்கே போகலாம். அந்த விளையாட்டுக்கு நான் வரலப்பா. விற்றவரிடமிருந்து பதில் இல்லை.

பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ நெட்வொர்க் அனலைசர் (ஃபில்டர் எந்த அலைவரிசையை விடுகிறது என்று அளக்கும் கருவி) வைத்து இந்த ஃபில்டரை டியூன் செய்து தரக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?