அந்த ஐந்துக்கு நான்கு: நடுவரைத் திட்டிய நாட்கள்

மார்க்கம்வாசி

2002 பிப்ரவரி 11. நான் கனடாவுக்கு வந்து நான்கே மாதம். பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை. சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்தும் அன்று யாரும் டிபன் பெட்டியைத் திறக்கவில்லை. மூலையில் உயரத்தில் மாட்டியிருந்த தொலைக்காட்சிக்குக் கீழே கழுத்து வலிக்க நின்றுகொண்டிருந்தார்கள். சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், பனித்தளத்தில் பிளேடு காலணியோடு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இணைப் பிரிவின் கடைசிச் சுற்று.

அதுவரை நான் பனிக்கட்டியைக் குளிர்பானத்தில்தான் பார்த்திருந்தேன். ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகாருலிட்ஸே இணை முதலில் ஆடியது. இரட்டை ஆக்ஸல் என்ற தாவலில் இறங்கும்போது சிகாருலிட்ஸேயின் கால் இடறியது எனக்கே தெரிந்தது. பிறகு கனடாவின் சாலே, பெல்ட்டியே. ஒரு பிசகும் இல்லை. அறையே குதித்தது. மதிப்பெண்கள் வந்தன: ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்யர்களுக்கு, நான்கு பேர் கனடியர்களுக்கு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் கையுறையைக் கழற்றித் திரையை நோக்கி எறிந்தார். நானும் வாய்விட்டுத் திட்டினேன். குடியுரிமை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் நான் கனடியன் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ரஷ்யர்களுக்குப் போடும்படி தனக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டதாக பிரெஞ்சு நடுவர் மாரி-ரேன் லெ குங்ன் சொன்னார். பின்னர் அதை மாற்றியும் பேசினார். அவருக்கும் பிரெஞ்சு ஸ்கேட்டிங் சம்மேளனத் தலைவர் காயகேவுக்கும் மூன்றாண்டுத் தடை. கனடியர்களுக்கும் தங்கம் கொடுத்தார்கள். ரஷ்யர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அந்த ஆண்டு அந்தப் பிரிவில் வெள்ளி யாருக்கும் இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு விடுமுறை நாளில் இரண்டு ஆட்டங்களையும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கூட்டத்தின் ஆரவாரம் இல்லாமல் பார்த்தால் அது வேறு போட்டி. ரஷ்யர்களின் வேகம், ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் இடையே வெறுமனே ஓடாமல் நிரப்பிக்கொண்டே போன விதம், இருவருக்கும் இடையே இருந்த நூலளவு இடைவெளி, இவை எதையும் 2002இல் நான் பார்க்கவேயில்லை. நான் பார்த்தது ஓர் இடறலை மட்டும். இன்று என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் ரஷ்யர்களுக்கே போட்டுவிடுவேன். நடுவர்கள் பக்கம் அழுகல் இருந்தது. முடிவு சரியாகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்க எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

உங்களுக்கு இப்படி மனம் மாறியது உண்டா? மாறவே இல்லை என்றாலும் எழுதுங்கள்.

ரிங்க் அம்மா

ஐயா, எனக்குப் பத்து ஆண்டுகள் தேவைப்படவில்லை. ஒரே இரவு.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. உள்ளூர் அளவிலான போட்டிதான். இரட்டை லுட்ஸ் என்ற தாவலை அரங்கில் முதன்முறையாக விழாமல் இறங்கினாள். நான் கையில் இருந்த தேநீர்க் குடுவையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் சாய்த்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். முடிவில் நான்காம் இடம். வெண்கலத்துக்கு 0.38 குறைவு.

மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தால் லுட்ஸுக்கு எதிரே ஓர் 'ஈ' உட்கார்ந்திருந்தது. ஆங்கில எழுத்துதான். எனக்கென்னவோ பாலில் விழுந்த ஈயாகத்தான் தெரிந்தது. 2.10 புள்ளி பெறவேண்டிய தாவல், அந்த ஒற்றை எழுத்தால் 1.68 ஆகியிருந்தது, அதன் மேல் நடுவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கழித்திருந்தார்கள். விழாமல் இறங்கிய பிள்ளைக்கு ஏன் இந்தத் தண்டனை? மூன்றாவதாக வந்த பெண் நடுவர் ஒருவரின் சங்கத்தைச் சேர்ந்தவள் என்று யாரோ காதில் போட்டார்கள். அன்றிரவு உட்கார்ந்து நீளமாக ஒரு புகார் எழுதினேன். அனுப்பவில்லை, காலையில் இன்னும் காரமாகத் திருத்தலாம் என்று வைத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. பனியைச் சீராக்கும் வண்டி அப்போதுதான் போயிருந்தது. தரை கண்ணாடியாகக் கிடந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்தோ என்னவோ, பயிற்சியாளர் என்னையும் உள்ளே கூப்பிட்டார், சாதாரணக் காலணியோடு. மகளை ஒரே ஒரு லுட்ஸ் தாவச் சொன்னார். அவள் தாவினாள், இறங்கினாள். அவர் முழந்தாளிட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, பிளேடு கீறிய கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

பின்னோக்கி வழுக்கி வரும்போது இடது காலின் வெளி விளிம்பில் நிற்க வேண்டும், அதுதான் லுட்ஸ். உள் விளிம்பில் நின்று தாவினால் அது ஃப்ளிப் என்ற வேறு தாவல், மதிப்பும் குறைவு. தாளில் இருந்த ஈ, விளிம்பு தவறு என்பதற்கான குறி. கோடு நெடுந்தூரம் அழகாக ஒரு பக்கமாக வளைந்து வந்தது. கடைசி ஒரு சாணில், பிளேடின் முன்பற்கள் குத்திய பள்ளத்துக்குச் சற்று முன்னால், சட்டென்று மறுபக்கம் திரும்பியிருந்தது. கோலம் போடுகிறவளுக்கு யாராவது முழங்கையைத் தட்டிவிட்டால் இழை எப்படித் திரும்புமோ அப்படி. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும், "இது எனக்குத் தெரியும் அம்மா, அந்த நேரத்தில் பயமாக இருக்கும்" என்றாள்.

புகாரை அழித்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தொழில்நுட்பக் குழு மெதுவாக ஓட்டிப் பார்க்கும் காட்சி எங்கள் போட்டிகளில் ஒரே கேமராவிலிருந்துதான் வருகிறது. அரங்கின் எதிர் மூலையில் தாவுகிற பிள்ளைக்கு அந்த ஒரு சாண் தப்பிவிடலாம். கேமராவுக்கு நேர் எதிரே தாவுகிற பிள்ளைக்குத் தப்பாது. எந்த மூலையில் லுட்ஸ் வைப்பது என்பதற்கே கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சியோல் இரவு

அக்கா சொன்ன தாள் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது 2014இல். அப்போது சியோலில் வேலை. சோச்சி ஒலிம்பிக் பெண்கள் இறுதிச் சுற்று எங்களுக்கு விடியற்காலை. கொரியாவின் யூனா கிம் கடைசியாக இறங்கியபோது மணி நான்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் ஒரு சின்ன அறையில், பாய் விரித்து, பாதித் தூக்கத்தில். அவர் ஆடி முடித்ததும் தங்கம் என்றே எல்லோரும் எழுந்து நின்றோம். எண் வந்தது: 144.19. மொத்தம் 219.11. ரஷ்யாவின் சொட்னிகோவா 224.59. யாரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் முழுவதும் அந்தத் தாளோடு குடும்பம் நடத்தினேன். நடனத்துக்கும் கலைக்குமான கூறுகளில் சொட்னிகோவாவுக்கு 74.41, யூனா கிம்முக்கு 74.50, ஏறக்குறைய சமம். வித்தியாசம் முழுவதும் தொழில்நுட்பத்தில்: 75.54க்கு 69.69. சொட்னிகோவாவிடம் மூன்று சுற்றுச் சுழலும் மும்மைத் தாவல்கள் ஏழு, யூனாவிடம் ஆறு. இதைச் சொன்னதும் என் நண்பர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கணக்கு என்னவோ அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் என் மனம் முழுவதும் மாறவில்லை. அந்தப் பருவத்தின் முந்தைய போட்டிகளில் சொட்னிகோவாவின் கூறு மதிப்பெண் இவ்வளவு உயரத்தில் இருந்ததில்லை. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் திடீரென்று யூனாவின் தோளைத் தொட்டது. நடுவர் மேசையில் ஒருவர் ரஷ்ய சம்மேளனத்தின் முன்னாள் தலைவருடைய மனைவி. இன்னொருவர் 1998 நகானோ ஒலிம்பிக்கில் முடிவை முன்கூட்டியே பேசிவைக்க முயன்ற விவகாரத்தில் ஓராண்டுத் தடை பெற்றுத் திரும்பியவர். இவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்றும் என்னிடம் இல்லை. இவர்களைத் தவிர உலகில் வேறு நடுவரே கிடைக்கவில்லையா என்றுதான் கேட்கிறேன். கொரியாவின் முறையீடு தள்ளுபடியானது.

இன்னொரு கூத்தும் உண்டு. 2002க்குப் பிறகு ஆறுக்கு மதிப்பெண் போடும் பழைய 6.0 முறையைத் தூக்கிவிட்டுப் புதிய முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு, அதன் மேல் நடுவர்கள் கூட்டிக் கழிக்கலாம், மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்படும். நல்லதுதான். கூடவே எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்பதையும் மறைத்துவிட்டார்கள், நடுவரை யாரும் மிரட்டாமல் இருப்பதற்காகவாம். தெருவில் திருட்டு நடந்தது என்று தெருவிளக்கை அணைத்ததுபோல. சோச்சியில் அந்த இருட்டுதான் இருந்தது. 2016இல்தான் விளக்கை மறுபடி போட்டார்கள். வெளிச்சம் வந்ததும் என்ன ஆனது? தம் நாட்டவருக்கு அள்ளிப் போட்டதாக 2018இல் சீன நடுவர்கள் இருவருக்குத் தடை விதிக்கப்பட்டது. பெயரும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்.

சலங்கை

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். ஸ்கேட்டிங் எனக்குப் பார்வையாளராக மட்டும்தான் தெரியும். ஆனால் டொராண்டோவில் பரதநாட்டியப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று இருபத்தெட்டுப் பிள்ளைகள். முதலாவதாக வந்த பெண்ணின் அரைமண்டி இன்றும் கண்ணில் நிற்கிறது; அவ்வளவு தாழ்வு, அவ்வளவு நேரம். நான் போட்டது 8. ஏன்? இன்னும் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள், மேலே இடம் வைக்க வேண்டும் அல்லவா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஒரு பெண்ணுக்கு 9.5 போட்டேன். அவள் முதல் பெண்ணைவிட ஒரு படி கீழேதான். ஆனால் காலையில் பார்த்தது மங்கிவிட்டது, நாற்காலியும் முதுகும் தகராறு செய்துகொண்டிருந்தன. யாரும் என்னை அழைத்துப் பேசவில்லை, யாரும் பணம் தரவில்லை. நான் முழு நேர்மையோடு அநியாயம் செய்தேன்.

ஸ்கேட்டிங்கின் பழைய 6.0 முறையிலும் முதலில் ஆடியவர்களுக்கு இதே கதிதான். அங்கே மதிப்பெண் என்பது யாரை யாருக்கு மேலே வைப்பது என்பதற்கான அடையாளம் மட்டும். அதனால் விந்தைகள் நடக்கும். 1995 உலகப் போட்டியில் நிக்கோல் போபெக் இரண்டாவதும் சூரியா பொனாலி மூன்றாவதுமாக இருந்தார்கள். பிறகு மிஷெல் குவான் ஆடினார். அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். ஆனால் அவர் ஆடியதால் முன்னே இருந்த இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள், பனியில் கால் வைக்காமலே! இன்றைய முறையில் அது நடக்காது. ஆனாலும் கடைசிக் குழுவில் ஆடுகிறவர்களுக்குக் கலைக் கூறு மதிப்பெண் தாராளமாகப் பொழிவதைப் பார்க்கும்போது என் 9.5தான் நினைவுக்கு வருகிறது.

அந்த முதல் பெண்ணின் தாயார் கூடத்து வாசலில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

லா ஷப்பேல்

பொனாலியின் பெயர் வந்ததால் எழுதுகிறேன். என் மனம் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை.

1998இல் பாரிஸில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல், அண்ணனும் நானும் நகானோ ஒலிம்பிக் பார்த்தோம். பிரான்ஸின் பொனாலிக்குக் காலில் காயம், பதக்க வாய்ப்பு இல்லை. திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, ஒற்றைக் காலில், ஒரே பிளேடில் இறங்கினார். விதிப்படி அது தடை. புள்ளி குறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தை நோக்கி நின்றார். பத்தாம் இடம். நாங்கள் இருவரும் கட்டிலில் ஏறி நின்று கைதட்டினோம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1994இல் ஜப்பானின் சிபாவில் நடந்த உலகப் போட்டியில் யூகா சாட்டோவிடம் ஐந்துக்கு நான்கு என்று தங்கத்தை இழந்தபோது, மேடையேற மறுத்து, போட்டுவிட்ட பதக்கத்தையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டவர் அவர். பண்பில்லை என்றார்கள் பலர். மார்க்கம் அண்ணன் சொல்வதுபோல ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் சாட்டோவின் விளிம்புகள் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது அழகு என்று எழுதிவைத்தவர்கள் பொனாலி போன்ற உடலை, அந்த வலிமையை மனத்தில் வைத்து எழுதவில்லை. குட்டிக்கரணத்தின் மீதான தடை 2024இல் நீங்கியது. இப்போது அடிக்கிறவர்களுக்குக் கைதட்டு, புள்ளி குறைவதில்லை.

மார்க்கம்வாசி

லா ஷப்பேல் தம்பி, அந்தக் கீழ்வீட்டுக்காரரையும் நடுவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சலங்கை அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் பண்டகசாலைப் பெரியவர் கையுறை எறிந்தது இப்படி ஒருவர் முகத்தில்தானோ என்னவோ.

ரிங்க் அம்மா, மகளின் லுட்ஸ் இப்போது எப்படி?

ரிங்க் அம்மா

ஈ போவதும் வருவதுமாக இருக்கிறது ஐயா. போன சனிக்கிழமை காலையில் தாவியபோது நானே தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கோடு கடைசிவரை சரியாகத்தான் வளைந்திருந்தது என்று எனக்குப் பட்டது. மகளும் அப்படியே சொன்னாள். பயிற்சியாளர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.